குரல் கட்டிய ஐப்பசி

எங்கள் கோயிலில் புராணத்துக்குப் பயன் சொல்வது நான்தான். ஒருவர் பாட்டை இராகத்தோடு படிக்க, பக்கத்தில் இருப்பவர் அதன் பொருளைச் சனத்துக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்வதற்குத்தான் பயன் சொல்வது என்று பெயர். பண்டிதர்கள் இருந்த இடம் அது. ஐந்தாம் வகுப்போடு மண்வெட்டியைப் பிடித்த நான் அங்கே போய் உட்கார்ந்தபோது, "தோட்டக்காரன் பயன் சொல்லுறதோ?" என்று கேட்டவர்கள் உண்டு. இப்போது கேட்பதில்லை. கூலிக்குக் கொத்திய தோட்டத்தையே பிறகு காணி உறுதி எழுதி வாங்கினவன் நான். சுன்னாகம் சந்தையில் என் வெங்காயம் வந்திறங்கினால் மற்றவர்கள் தங்கள் மூட்டையை அவிழ்க்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வெங்காயத்தில் எதைச் செய்து முன்னுக்கு வந்தேனோ அதையேதான் பயனிலும் செய்தேன். மற்றவன் செய்யாததைச் செய்தேன்.

அது இதுதான். பாட்டில் ஒரு பூ வந்தால் நான் அந்தப் பூவைக் கொண்டுபோய்ச் சனத்தின் கையில் கொடுப்பேன். காலையில் தோட்டத்துக்குப் போகிற வழியிலேயே வேலி வேலியாகப் பார்த்துக்கொண்டு போவேன். வரம்பில் தும்பை, வெள்ளம் நிற்கிற குட்டையில் அல்லி, அடுத்த ஒழுங்கை மூலையில் மகிழ், கிளுவை வேலியில் ஏறிக்கிடக்கிற காந்தள். காந்தள் என்று புராணம் சொல்வது எங்கள் கார்த்திகைப் பூவைத்தான். அந்தப் பூவைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஆளுக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. நான் பூவைப் பூவாகவே காட்டினேன். "பாருங்கோ, அடியிலை மஞ்சள், நுனியிலை சிவப்பு. நெருப்பு எரியிற மாதிரி எண்டு புலவர் பாடினது பொய்யோ? கிழங்கை மட்டும் தொடாதேங்கோ, நஞ்சு" என்பேன். பண்டிதர்கள் அகராதியில் காட்டியதை நான் பனையோலைப் பெட்டியில் கொண்டுவந்து காட்டினேன்.

இப்படிக் காட்டிக் காட்டி எனக்கு ஒரு கெட்டித்தனம் வந்துவிட்டது. பழைய புலவர்களில் யார் சேற்றில் நடந்தவர், யார் மற்றவர் பாட்டைப் பார்த்து எழுதினவர் என்று பயன் சொல்லும்போதே எனக்குப் பிடிபட்டுவிடும். சோலையில் எல்லாப் பூவும் ஒரே நேரத்தில் பூத்துக் குலுங்கியது என்று ஒரு பாட்டு வந்தால், "இவர் தோட்டம் செய்யேல்லை" என்று சொல்லிவிடுவேன். முகில் கறுத்து, முதல் துளி புழுதியில் விழுந்து, மண் மணந்தது என்று பாட்டு வந்தால், "இவர் எங்கடை ஆள்" என்பேன். மயில் ஆடியது என்று வந்தால் கும்பிட்டுவிட்டு, "முருகன்ரை வாகனம் போன கிழமை என்ரை பயற்றங்கொடியை வேரோடை கிளறிப்போட்டுப் போட்டுது. கும்பிட்டுக் கும்பிட்டுத்தான் கலைச்சனான்" என்று சொல்வேன். சஷ்டி விரதகாரர் பசியை மறந்து சிரிப்பார்கள்.

ஆனால் பயன் சொல்கிறவன் பாதி ஆள்தான். மற்றப் பாதி படிக்கிறவன்.

எனக்குப் படிக்கிறவன் என் சிநேகிதன். ஒரே வயது, ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். பருத்தித்துறை பஸ்ஸில் கண்டக்டராக இருந்து இளைப்பாறியவன். சந்நிதித் திருவிழாவுக்குப் போகிற சனம் பஸ்ஸின் பலகையைப் பார்ப்பதில்லை, அவன் குரலைக் கேட்டு ஓடிவந்து ஏறும் என்பார்கள். அந்தக் குரலைத்தான் இளைப்பாறிய பிறகு கோயிலுக்குக் கொண்டுவந்தான். எங்கள் கோயிலில் புராணத்துக்கு மைக் வைப்பதில்லை. குரல் இல்லாதவன்தான் மைக் கேட்பான் என்று ஒரு கௌரவம். வெளிவீதியில் கற்பூரம் விற்கிறவருக்கும் கேட்க வேண்டும் என்று அவன் மேல்சுருதியில் எடுப்பான். நானும் அதற்குக் குறையாமல் பயன் சொல்வேன்.

போன ஆவணியில் அந்தக் குரல் கட்டிக்கொண்டது. சோழகக் காற்று புழுதியை அள்ளி இறைத்துக்கொண்டிருந்த நாட்கள். அவன் மனைவி, நான் மச்சாள் என்று கூப்பிடுகிறவள், "சோழகம் நிண்டா எல்லாம் சரியாப் போம் அண்ணை" என்றாள். நான் ஆடாதோடை இலை, தூதுவளை, கற்பூரவள்ளி என்று என் வீட்டு வளவில் உள்ளதையெல்லாம் பிடுங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். காற்று நின்றது. புரட்டாதி வெயில் வந்தது. குரல் வரவில்லை. அவன் கதைத்தால் காய்ந்த காவோலையை ஒழுங்கையில் இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

நானே வெங்காயம் ஏற்றுகிற என் வான் வண்டியில் ஏற்றி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பிறகு ஒரு நாள் வரச் சொல்லி, உள்ளே இருந்து சின்னத் துண்டு ஒன்றை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். "வெத்திலை போடுறவரோ?" என்று டொக்டர் கேட்க, "புகையிலையோடை போட்டவர். விட்டுக் கனகாலம்" என்று மச்சாள் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். பரிசோதனையின் மறுமொழி வரும்வரை ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது என்று டொக்டர் கட்டளை போட்டார். அந்த வருத்தத்தின், அந்த நோயின், பெயரை அன்றைக்கு எங்களில் யாரும் வாயால் சொல்லவில்லை. வான் முழுக்க அந்தப் பெயர்தான் இருந்தது.

கதைக்காமல் இருப்பது அவனுக்குப் பழக்கம் இல்லாத வேலை. பழைய கண்டக்டர் பாஷையை எடுத்துக்கொண்டான். ஒரு தட்டுத் தட்டினால் நில், இரண்டு தட்டுத் தட்டினால் போ. கண்டதிலெல்லாம் தட்டினான்.

"வீட்டிலையும் உதுதான் அண்ணை" என்று மச்சாள் என்னிடம் முறைப்பட்டாள். "சோறு போடு எண்டா ரெண்டு தட்டு. காணும் எண்டா ஒரு தட்டு. நானென்ன பஸ்ஸே?"

அவன் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினான்.

"பாருங்கோ, என்னைப் போகட்டாம்!" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரித்து முடித்ததும் சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

இப்படி இருக்கும்போது ஐப்பசி பிறந்தது, கந்தசஷ்டி வந்தது. மறுமொழி இன்னும் வரவில்லை. புராணம் நிற்க முடியாது. கோயில்காரர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தமிழ் ரீச்சரைப் படிக்கக் கேட்டார்கள். நல்ல பிள்ளை, நல்ல குரல், பிழையில்லாத உச்சரிப்பு. நானும் துள்ளிக்கொண்டு ஓம் என்றேன். எனக்கென்ன, யார் படித்தாலும் பயன் சொல்வேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்குப் புத்தகத்தைப் பார்த்துப் பயன் வராது. பேப்பர் வாசிப்பேன், உறுதி வாசிப்பேன், மருந்துப் போத்தலில் உள்ளதை வாசிப்பேன். ஆனால் புராணப் பாட்டு எனக்கு இறுக்கி அடைத்த வேலி மாதிரி. எங்கே படலை இருக்கிறது என்று தெரியாது. அவன் பாடினால் படலை திறக்கும். அவன் ஒரு சொல்லைப் பிரித்து, இழுத்து, திரும்ப ஒருமுறை பாடினால் அந்த இடத்தில் ஒரு பூவோ ஒரு மலையோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அடுத்த அடியை அவன் எடுப்பதற்குள் என் கை பெட்டிக்குள் போய்விடும். பள்ளிக்கூடம் எனக்குத் தராததை அந்தக் குரல் தந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவனுக்கு அது தெரியும்.

சஷ்டியின் முதல் நாள். வெளியே மழை, கூரைத் தகரத்தில் சரமாரியாகக் கொட்டியது. ரீச்சர் படிக்கத் தொடங்கினார். புது இராகம். இரண்டு பாட்டை ஒரே மூச்சில் படித்துவிட்டு நிறுத்தி, பயன் சொல்லுங்கள் என்று மரியாதையாக என்னைப் பார்த்தார். எனக்கு மழைச் சத்தம்தான் கேட்டது. எப்படியோ முன்னைய வருடங்களின் நினைவை வைத்துக்கொண்டு தள்ளினேன். மலை வந்தது, மலையில் அருவி வந்தது. பிறகு கடம்பு என்ற சொல் என் காதில் விழுந்தது. கடம்பு முருகனின் மரம். அது ஆடி ஆவணியோடு பூத்து முடிந்துவிடும். ஐப்பசியில் நான் இலையைத்தான் காட்டுவது வழக்கம். அன்றைக்கு ரீச்சருக்கு முன்னால் ஒரு எழுப்பம். பெட்டிக்குள் கையை விட்டேன். பந்து மாதிரி உருண்டையாக, வெள்ளையாக ஒரு பூ அகப்பட்டது. தூக்கிக் காட்டினேன்.

"இதுதான் கடம்பு. கிடைக்காத பூ. வடிவாப் பாருங்கோ!"

எதிரே தூணோடு இருந்த என் சிநேகிதன் தூணில் ஒரு தட்டுத் தட்டினான். நான் நிற்கவில்லை. பூவை முன்வரிசையில் இருந்த ஒரு மனுசியின் கையில் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள், மணந்து பார்த்தாள்.

"ஐயா, உது எங்கடை மறியாடு தின்னுற இப்பில்இப்பில் எல்லோ?"

காலையில் ஆட்டுக்குக் குழை வெட்டின அதே பெட்டியைத்தான் நான் கொண்டுவந்திருந்தேன்.

கோயில் முழுக்கச் சிரித்தது. ஐயரும் சிரித்தார். ரீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பரவாயில்லை ஐயா, பந்து மாதிரித்தானே இருக்கு. ஆட்டுக்கு அதுதான் கடம்பு" என்றார். அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். சிரிப்பில் சேர்ந்துகொண்டால் அரைவாசி வெட்கம் போய்விடும் என்பது சந்தையில் படித்த பாடம்.

அப்போதுதான் அவனைப் பார்த்தேன். அவன்தான் எல்லாரையும் விடக் கூடச் சிரித்துக்கொண்டிருந்தான். தோள் குலுங்கியது, வாய் திறந்திருந்தது, கண்ணால் தண்ணீர் ஓடியது. சத்தம் மட்டும் இல்லை. இந்த மனுசன் சிரித்தால் பஸ்ஸில் பின்சீட்டில் நித்திரை கொள்கிறவன் எழும்புவான். அவ்வளவு சிரிப்பும் உள்ளேயே கிடந்து குலுங்கியது. இனி இப்படித்தானோ என்று நினைத்தேன். இதற்கு மேலும் நினைத்தேன்.

அவன் எழும்பி வந்து எனக்கும் ரீச்சருக்கும் நடுவில் உட்கார்ந்தான். புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிவைத்தான். ரீச்சரிடம் கையால் மெல்ல என்று காட்டினான். ஒரு சொல்லின் கீழே விரலை வைத்து, விரலை மெதுவாக இழுத்துக்கொண்டு போனான். கெட்டிக்காரப் பிள்ளை, உடனே விளங்கிக்கொண்டது. அவன் விரல் நிற்கிற இடத்தில் நின்றது, இழுக்கிற இடத்தில் இழுத்தது. பூ வரப்போகிறது என்றால் அவன் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவான். நான் பெட்டிக்குள் கையை விடுவேன். நான் நீட்டிக்கொண்டு போனால் ஒரு தட்டு. மூன்று பேர் சேர்ந்து ஒரு பஸ்ஸை ஓட்டினோம். சூரன் போர் வரைக்கும் அப்படியே ஓடியது. பயன் இந்த வருடம்தான் திறம் என்று சனம் சொன்னது. எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஆனால் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போனதும் சோற்றை மூடிவைத்துவிட்டு வளவுக்குள் நடந்தேன். வாடைக்காற்று தொடங்கியிருந்தது. பழைய பாட்டுகளில் வாடை வந்தால் பிரிந்தவர்கள் துன்பப்படுவார்கள். அதை வருடக்கணக்காகப் பயன் சொல்லியிருக்கிறேன். வாடை எனக்கு வெங்காயத்தை அழுக வைக்கிற காற்று, அவ்வளவுதான். இந்த முறை அது சட்டைக்குள்ளால் போனபோது, அந்தப் புலவர்கள் வேலை இல்லாமல் பாடவில்லை என்று தெரிந்தது.

சஷ்டி முடிந்த பிறகு மறுமொழிக்கு வரச் சொன்னார்கள். மச்சாள் வரவில்லை. "நான் கோயில்லை இருக்கிறன் அண்ணை. நீங்கள் கேட்டுக்கொண்டு வாங்கோ. என்னாலை அந்தக் கதிரையிலை இருந்து கேக்க ஏலாது" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் போனோம். மழை விட்டிருந்தது. வழியெல்லாம் வயலுக்குள் வெள்ளம், கரையில் கொக்கு, வேலிகளில் புதுத்தளிர். பயத்தில் நான் வாயை மூடவேயில்லை. அது பூவரசு, இது முள்முருக்கு, அந்தா பார் அல்லி என்று பயன் சொல்லிக்கொண்டே போனேன். மருதனார்மடம் தாண்ட அவன் வானின் கதவில் ஒரு தட்டுத் தட்டினான். நிறுத்தினேன். வானையல்ல, வாயை.

டொக்டர் சின்ன வயது. கடதாசியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"ஐயா, பயப்பிட ஒண்டுமில்லை. கான்சர் இல்லை."

நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் டொக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குரல் நாணிலை தடிப்பு. கத்திக் கத்தி வந்தது. என்ன வேலை செய்தனீங்கள்?"

"கண்டக்டர்" என்று நான் சொன்னேன்.

"அதை விட்டுக் கனகாலம் எல்லே? இப்ப என்ன செய்யிறவர்?"

"கோயில்லை புராணம் படிக்கிறவர்."

"மைக் இல்லையோ?"

"மைக் வச்சா குரல் இல்லை எண்டு சனம் நினைக்கும் டொக்டர்."

டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மைக் வைக்காமல்தான் குரல் இல்லாமல் போச்சு. நீங்களும் பக்கத்திலை இருந்து கத்துறனீங்களோ?"

"நான் பயன் சொல்லுறனான்."

"அப்ப ரெண்டு மைக் வையுங்கோ" என்றார். பிறகு அவன் பக்கம் திரும்பினார். "இனி மெல்லக் கதைக்கலாம். கத்தவும் கூடாது, குசுகுசுக்கவும் கூடாது. கொஞ்ச மாதம் போகப் படிக்கலாம். எங்கை, என்னோடை கதையுங்கோ பாப்பம்."

அவன் வாயைத் திறந்தான். மூடினான். தலையை ஆட்டிவிட்டு எழும்பிவிட்டான். பயந்துவிட்டான் என்று நினைத்தேன்.

வெளியே வந்து மச்சாளுக்குப் போன் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். "ஒண்டுமில்லையாம் மச்சாள், அந்த வருத்தம் இல்லையாம்" என்றேன். "உண்மையோ அண்ணை? என்ரை மனம் ஆறச் சொல்லுறியளோ?" என்றாள். நான் ஆணையிடுவதற்குள் அவன் என் கையிலிருந்து போனைப் பறித்தான்.

"பசு கறந்தாச்சே?" என்றான்.

கரகரத்த, தாழ்ந்த குரல். ஆனால் குரல். போனுக்குள் மச்சாள் பெரிதாக அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, சனம் போய்வருகிற அந்தத் தாழ்வாரத்தில், சுவரைப் பார்த்து நின்றான். முதல் சொல்லை அவளுக்கென்று வைத்திருந்திருக்கிறான். அதற்காகத்தான் டொக்டருக்கு முன்னால் வாய் திறக்கவில்லை. நான் ஒரு பக்கமாகப் போய், பார்க்காதவன் போல அறிவிப்புப் பலகையை வாசித்துக்கொண்டு நின்றேன். என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் தெரியாது.

வானில் ஏறினோம். ஆஸ்பத்திரி வீதி தாண்டவில்லை, தொடங்கிவிட்டான்.

"ஆர் உன்னைக் கேட்டது, ஊரெல்லாம் போய் எனக்கு வருத்தம் எண்டு சொல்லச் சொல்லி?"

"நான் எங்கை சொன்னனான்?"

"சந்தையிலை சொல்லியிருக்கிறாய். பத்தாததுக்கு என்ரை பேரிலை அபிஷேகத்துக்கும் குடுத்திருக்கிறாய். நான் செத்தே போனனான்? ரோட்டைப் பார்த்து ஓடு. அந்த ரெண்டாம் நாள் மழைப் பாட்டுக்கு என்ன பயன் அது? முகில் கடலைக் குடிச்சுக் கறுத்துது எண்டுதான் பாட்டிலை இருக்கு. வாடையைக் கொண்டுவந்து ஏன் செருகினனீ? வாடை எங்கையடா அதிலை வருது?"

"மழைக்கு முதல் வாடை வீசும்தானே மச்சான்."

"உன்ரை தோட்டத்திலை வீசும். பாட்டிலை வீசாது. ரீச்சர் பிள்ளை தங்கமாப் படிச்சுது, நீதான் கெடுத்துப்போட்டாய். அடுத்த வருசம் அந்தப் பிள்ளைதான் படிக்க வேணும், நானும் படிப்பன், மாறி மாறி. நீ பயனைச் சுருக்கு. மைக்கும் நீ வாங்கித் தர வேண்டாம், பிறகு அதுக்கும் ஒரு பயன் சொல்லுவாய்..."

நான் சொன்ன பயனைப் பிழை என்று ஒருவன் சொல்ல நான் விட்டதில்லை. அன்றைக்கு விட்டேன். அவன் குரல் தாழ்ந்திருந்தது. வெளிச் சத்தத்தில் பாதி விளங்கவில்லை. கண்ணாடியை ஏற்றினேன். ஏசியும் இரையும் என்று அதைப் போடவில்லை. உள்ளே வெக்கை, இரண்டு பேருக்கும் வேர்த்து ஊற்றியது. வான் பாதி வழியில் இருக்கிற இணுவிலுக்கே இன்னும் வரவில்லை, அவன் சஷ்டியின் இரண்டாம் நாளில்தான் நின்று ஏசிக்கொண்டிருந்தான். மிச்ச நாட்கள் இருந்தன. பின்னால் ஒரு பஸ் ஹோன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு என்னை முந்திக்கொண்டு போனது. போகட்டும் என்று வானை இன்னும் மெதுவாக விட்டேன்.